தவறி வந்த 38,500 ரூபாய்: வைத்துக்கொள்ளவும் வேண்டாம், கேட்டவருக்கு அனுப்பவும் வேண்டாம்

கேள்வி: தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். போன செவ்வாய்க்கிழமை மதியம் என் சேமிப்புக் கணக்கில் யுபிஐ மூலம் 38,500 ரூபாய் விழுந்தது. அனுப்பியவர் யாரென்றே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் போன் செய்து இந்தியில் பேசினார். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறதாம், நம்பர் மாறி உங்களுக்கு வந்துவிட்டதாம், வேறொரு நம்பருக்கு உடனே அனுப்ப வேண்டுமாம். சாயந்திரம் போலீஸுக்குப் போவேன் என்று மிரட்ட ஆரம்பித்துவிட்டார். அனுப்பித் தொலைத்துவிடுங்கள் அண்ணி என்கிறார் கொழுந்தனார். ஆறு மாசம் யாரும் வராவிட்டால் நம்ம பணம்தான் என்கிறார் வீட்டுக்காரர். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். பணம் உங்களுடையது இல்லை, அது திரும்பிப் போகத்தான் வேண்டும். ஆனால் அதை நீங்கள் அனுப்பக் கூடாது, உங்கள் வங்கி அனுப்ப வேண்டும். இவ்வளவு நாள் அனுப்பாமல் வைத்திருந்தீர்களே, அதுவே நல்லது.

முதலில் பணம் உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எம்எஸ்ஸை நம்பாதீர்கள். பணம் வந்தது போலப் பொய்யாக எஸ்எம்எஸ் அனுப்பி, நம் கைப்பணத்தைக் கறப்பது பழைய வித்தை. வங்கியின் செயலியில் ஸ்டேட்மென்ட்டைத் திறந்தால் அந்தத் தேதியில் ஒரு வரி இருக்கும். யுபிஐ என்ற எழுத்து, 12 இலக்க எண், அனுப்பியவர் பெயர், அவருடைய வங்கி என்று நீளமாகப் போகும். அந்த 12 இலக்க எண்தான் இனி எல்லாவற்றுக்கும் ஆதாரம், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கல்யாண ஆர்டருக்கு அட்வான்ஸ் போட்டார்களா, பழைய பாக்கி எதுவும் வந்ததா என்றும் ஒருமுறை யோசியுங்கள். இல்லை என்றால் மேலே போகலாம்.

கேட்டவருக்கு ஏன் அனுப்பக் கூடாது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்கோ ஓர் ஊரில் ஒருவரை மோசடிக்காரன் ஏமாற்றுகிறான். முதலீடு என்பான், பார்சல் என்பான், கைது செய்யப்போகிறோம் என்பான். அவர் பயந்தோ ஆசைப்பட்டோ பணம் கட்டுகிறார். அந்தப் பணத்தை அவன் தன் கணக்கில் வாங்குவதில்லை, உங்களைப் போன்ற ஒருவரின் நம்பரைக் கொடுத்துவிடுகிறான். கடை போர்டிலேயே உங்கள் நம்பர் இருக்கும், தேடவே வேண்டாம். அப்புறம் உங்களுக்குப் போன் செய்து, அழுதோ மிரட்டியோ, வேறொரு கணக்குக்கு அனுப்ப வைக்கிறான். ஏமாந்தவர் 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் புகார் கொடுத்தால், பணம் போன வழியைத் தொடர்ந்து வருவார்கள். முதலில் நிற்பது உங்கள் கணக்கு. பணம் வந்த கொஞ்ச நேரத்திலேயே இன்னொருவருக்குப் போயிருக்கிறது என்றால், கமிஷனுக்குக் கணக்கை வாடகைக்கு விடுகிறவர்களின் கணக்கும் அப்படித்தான் இருக்கும். மியூல் அக்கவுண்ட் என்று சொல்வது அதைத்தான். அந்த நிலையில் முடக்கப்படுவது நீங்கள் அரிசியும் உளுந்தும் வாங்க வைத்திருக்கும் சொந்தப் பணம்.

போன் செய்தவர் உண்மையைச் சொல்பவராகவும் இருக்கலாம். ஒரு எண் மாறிப் பணம் போவது சகஜம்தான். ஆனால் தொகையைச் சரியாகச் சொல்கிறார், அந்த 12 இலக்க எண்ணையும் சொல்கிறார் என்பதற்காக அவர்தான் அனுப்பியவர் என்று ஆகிவிடாது. ஏமாந்தவரிடமிருந்தே அதையெல்லாம் வாங்கியிருக்கலாம். உண்மையில் தவறாக அனுப்பியவருக்கு வழி இருக்கிறது: அவருடைய யுபிஐ செயலியிலேயே புகார் பதியலாம், அவருடைய வங்கி உங்கள் வங்கியைக் கேட்கும். வந்த கணக்குக்கே திரும்பப் போக வேண்டிய பணத்தை வேறு நம்பருக்குக் கேட்கிறாரே, எனக்கு அதுதான் உறுத்துகிறது.

அவர் மறுபடி கூப்பிட்டால் ஒரே வாக்கியம் போதும்: "ஆப் அப்னே பேங்க் மே கம்ப்ளெயின்ட் கரோ, மைனே மேரே பேங்க் மே லிக் கே தியா ஹை." (நீங்கள் உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள், நான் என் வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.) அதற்கு மேல் பேச்சு வளர்க்க வேண்டாம். லிங்க் அனுப்பினால் தொடாதீர்கள், ஓடிபி சொல்லாதீர்கள், பின் நம்பர் போடச் சொன்னால் போடாதீர்கள். பணம் வாங்க அந்தப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகிறது என்று பொருள். மிரட்டல் தொடர்ந்தால் அந்த நம்பரை மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி தளத்தில் இருக்கும் சக்ஷு பகுதியில் புகாராகப் பதியுங்கள். பக்கத்துக் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுக்கலாம். போலீஸுக்குப் போவேன் என்கிறாரே, போகட்டும்.

நாளைக்கே உங்கள் கிளைக்குப் போங்கள். கடிதத்தை இரண்டு பிரதியாக எடுத்துக்கொள்ளுங்கள், இங்கிலீஷோ இந்தியோ மராத்தியோ, எது வருமோ அதில். இவ்வளவு இருந்தால் போதும்: "என் கணக்கு எண் இது. இந்தத் தேதியில், இந்த 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணில், 38,500 ரூபாய் வரவு வந்துள்ளது. அனுப்பியவரை எனக்குத் தெரியாது, இந்தப் பணத்துக்கு நான் உரியவள் இல்லை. உரிய விசாரணைக்குப் பிறகு, வந்த கணக்குக்கே திருப்பி அனுப்ப நான் சம்மதிக்கிறேன். இந்த எண்ணிலிருந்து போன் செய்து வேறு கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார்கள்." ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் தேதியோடு சீல் வாங்குங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் வங்கி பொதுவாக அந்தப் பணத்தை எடுக்காது, அதனால்தான் அந்த வரி முக்கியம்.

"நீங்களே அந்த ஐடிக்குத் திருப்பிப் போட்டுடுங்க" என்று கவுண்டரில் சொல்லக் கூடும். வேறு நம்பருக்கு அனுப்புவதைவிட அது மேல்தான். ஆனாலும் நான் சம்மதிக்க மாட்டேன், ஏனென்றால் அனுப்பிய கணக்கே மோசடிக்காரன் கையில் இருக்கலாம். அப்படிச் சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். கடிதத்தையே வாங்க மறுத்தால் வங்கியின் செயலியிலோ இமெயிலிலோ புகாராகப் பதிந்து அந்தப் புகார் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவு கிடையாது. ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இனி வீட்டுக்காரருக்கு. ஆறு மாசக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72-ஆவது பிரிவு, தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. வழக்குப் போட மூன்று வருடம் உண்டு, அதுவும் தவறு தெரிய வந்த நாளிலிருந்து. நம்முடையது இல்லை என்று தெரிந்த பிறகும் நேர்மையில்லாமல் எடுத்துச் செலவழித்தால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 314-ஆவது பிரிவின்படி ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு வருடம் வரை சிறை, அபராதமும் சேர்த்து. வராத ஆளுக்காகக் காத்திருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை அவர் இன்றே விட்டுவிடட்டும்.

உங்கள் தொழிலில் ஒரு சிக்கல் உண்டு, அதைப் பலரும் யோசிப்பதில்லை. தினமும் அதே கணக்கில் வரவு, அதிலேயே அரிசிக் கடைக்குப் பட்டுவாடா, மாதத் தவணையும் அதிலிருந்தே போகும். கவனிக்காமல் விட்டால் இருப்பு 38,500-க்குக் கீழே இறங்கிவிடும், நீங்கள் எடுத்துச் செலவழித்த மாதிரி ஆகிவிடும். பணம் திரும்பும்வரை கொள்முதலை வேறு கணக்கிலிருந்து செய்யுங்கள். வேறு கணக்கு இல்லை என்றால், தவறி வந்த தொகையைக் கழித்து மீதிதான் உங்கள் இருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குள் கணக்கு முடக்கப்பட்டிருந்தால் பதற வேண்டாம். முடக்கச் சொன்னது எந்த மாநிலப் போலீஸ், புகார் எண் என்ன என்று கிளையில் கேளுங்கள். சீல் வாங்கிய கடிதத்தின் நகலை அந்த அதிகாரிக்கு அனுப்புங்கள். சர்ச்சையில் உள்ள தொகையை மட்டும் பிடித்துவைத்து மீதியை விடுவிக்கும்படி வங்கிக்கும் எழுதுங்கள். கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் இப்படித்தான், முடக்கத்தைக் குறிப்பிட்ட தொகையோடு நிறுத்தும்படி சொன்னது, அதையும் குறிப்பிடலாம்.

பணம் திரும்பிப் போனதும் அந்த வரி தெரிகிற ஸ்டேட்மென்ட்டைப் பிரிண்ட் எடுத்து, கடிதத்தோடு சேர்த்து மூன்று வருடமாவது பத்திரமாக வையுங்கள்.