சலுகைக்கு விலை சங்கமா?

கேள்வி: அமெரிக்காவின் டெனசி, ஜோர்ஜியா, அலபாமா ஆகிய மாநிலங்களில், இரகசிய வாக்கெடுப்பு இல்லாமல் தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொள்ளும் நிறுவனத்துக்கு அரச சலுகை கிடையாது என்று சட்டம் வந்திருக்கிறது. தொழிலாளியின் வாக்குரிமையைக் காக்கும் இந்த ஏற்பாட்டை இங்கும் கொண்டுவந்தால், சங்கத் தொல்லைக்கு அஞ்சி ஒதுங்கி நிற்கும் முதலீட்டாளர்கள் திருகோணமலைக்கு வரமாட்டார்களா?
– வாசகர் ஒருவர், உவர்மலை, திருகோணமலை

பதில்: 'வாக்குரிமையைக் காக்கும் ஏற்பாடு' என்ற சொற்களை அந்தச் சட்டங்களை இயற்றியவர்களிடமிருந்தே இரவல் வாங்கியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழில் உறவுச் சட்டத்தின் கீழ், பெரும்பான்மைத் தொழிலாளர் கையொப்பமிட்ட அட்டைகளைப் பார்த்து முதலாளி தானாகவே சங்கத்தை ஏற்றுக்கொள்ளலாம். அல்லது 30 சதவீதத்தினரின் கையொப்பத்தோடு தொழில் உறவுச் சபைக்கு விண்ணப்பித்து இரகசிய வாக்கெடுப்புக்குப் போகலாம். 2023இல் டெனசியும், 2024இல் மற்ற இரு மாநிலங்களும் செய்தது, முதல் வழியை ஏற்கும் முதலாளிக்குப் பொதுப்பணத்தை மறுத்ததுதான். முதலாளியும் தொழிலாளியும் மனமொத்துச் செய்துகொள்ளும் உடன்பாட்டுக்கு, மூன்றாமவரான அரசாங்கம் தண்டம் விதிக்கிறது. வாக்கின் மீது அவ்வளவு அக்கறை இருந்திருந்தால், வாக்கெடுப்புக்கு முந்திய வாரங்களில் தொழிலாளரை வேலை நேரத்தில் கூட்டிவைத்துச் சங்கத்துக்கு எதிராகப் பாடம் நடத்தும் நிருவாகத்துக்கும் அதே சலுகையை மறுத்திருப்பார்கள். அப்படியொரு விதி அச்சட்டங்களில் இல்லை. 2024 ஏப்ரலில் டெனசியின் சட்டனூகா நகரிலுள்ள வொக்ஸ்வாகன் கார் ஆலையில் வாக்கெடுப்பு தொடங்கவிருந்த வேளையில், இம்மூன்று மாநிலங்களினதும் உட்பட ஆறு தென்மாநில ஆளுநர்கள் சங்கம் வேண்டாம் என்று கூட்டறிக்கை விட்டதையும் மறந்துவிடக் கூடாது. (தொழிலாளர்கள் அதைப் பொருட்படுத்தாமல் சங்கத்துக்கே வாக்களித்தார்கள்.)

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அரசு கொடுக்கும் பணத்தைச் சங்கத்துக்குச் சார்பாகவோ எதிராகவோ செலவிடக் கூடாது என்று கலிபோர்னியா முன்பு ஒரு சட்டம் செய்தது. அது மத்திய சட்டத்தின் எல்லைக்குள் நுழைகிறது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. நடுநிலை செல்லாத இடத்தில் ஒருபக்கச் சாய்வு எப்படிச் செல்லும் என்பதை அங்குள்ள வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இங்கே, இலங்கையில் நிலைமை என்ன? ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஆனால் முதலாளியைப் பேச்சுக்கு அழைக்க, 1999இல் திருத்தப்பட்ட கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி, சங்கம் யாருக்காகப் பேசுகிறதோ அந்தத் தொழிலாளரில் 40 சதவீதத்தினர் அதன் உறுப்பினராக இருக்க வேண்டும். அதை நிரூபிக்கத் தொழில் திணைக்களம் வாக்கெடுப்பு நடத்துவதும் உண்டு. 2003இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் அப்படி நடந்தபோது, சில நூறு பேர் வேலை செய்த இடத்தில் 17 பேரே வாக்களித்தார்கள். நிருவாகம் அச்சுறுத்தியது என்று சங்கம் முறையிட்டது. சீட்டு இரகசியமாக இருக்கலாம், வாக்குப்பெட்டி இருக்கும் அறைக்கு யார் நடந்து போகிறார் என்பதை மேற்பார்வையாளர் நின்று பார்க்கும் இடத்தில் அந்த நடையே கையொப்பம் ஆகிவிடுகிறது.

கடந்த மாதம் தம்பலகாமத்திலிருந்து ஓர் இளைஞர் எமது அலுவலகத்துக்கு வந்து, நான்காக மடித்த சங்கப் படிவம் ஒன்றை மேசையில் விரித்தார். பெயர், முகவரி, ஊழியர் சேமலாப நிதி இலக்கம் எல்லாம் நிரப்பியிருந்தார். கையொப்பத்துக்கான கோடு மட்டும் வெறுமையாக இருந்தது. "சந்தாவைச் சம்பளத்தில் கழிக்கச் சொன்னால், இது முகாமையாளரின் கைக்குப் போகுமா ஐயா?" என்று கேட்டார். போகும் என்றுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. நீங்கள் சொல்லும் 'சங்கத் தொல்லை' இவரிடமிருந்துதான் வரவேண்டும்.

அமெரிக்க மாநிலங்களைப் பார்த்து நாம் சூடு போட்டுக்கொள்ள முடியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நமது ஆடைகள் தீர்வையின்றி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போக வழிவிடும் ஜீஎஸ்பி பிளஸ் சலுகை, 27 சர்வதேச உடன்படிக்கைகளோடு கட்டப்பட்டது. சங்கம் அமைக்கும் சுதந்திரத்தையும் கூட்டுப் பேரத்தையும் பற்றிய, சர்வதேச தொழில் அமைப்பின் 87ஆம், 98ஆம் இலக்கச் சமவாயங்கள் அவற்றுள் அடங்கும். மனித உரிமைக் காரணங்களுக்காக 2010இல் அதை இழந்து, 2017இல்தான் திரும்பப் பெற்றோம். சங்கத்தை ஏற்பவனுக்குச் சலுகை இல்லை என்று இங்கே எழுதிவைத்தால், அங்கே கிடைக்கும் சலுகைக்கு நாமே உலை வைப்போம்.

திருகோணமலையின் 99 எண்ணெய்க் குதங்களில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகளாகப் பற்றை மூடிக் கிடந்தது எந்தச் சங்கத்தின் வேலைநிறுத்தத்தால் என்று சொல்லுங்கள். யுத்தமும், அரசாங்கங்கள் கையொப்பமிட்டும் இடாமலும் இழுத்த ஒப்பந்தங்களும் செய்ததைத் தொழிலாளியின் தலையில் கட்டாதீர்கள்.

சலுகைக்கு நிபந்தனை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. வரி விடுமுறை கேட்கும் நிறுவனம், அந்த 40 சதவீத வாக்கெடுப்பு நடக்கும் நாளில் தன் மேற்பார்வையாளர்களை அறைவாசலிலிருந்து விலக்கி வைக்க எழுத்தில் சம்மதிக்கட்டும். அதற்குக் கையொப்பமிடும் முதலீட்டாளர் நம்மூர்க் கப்பல்துறைக் கிராமத்துக்கு வந்தால், அவரை வரவேற்று எழுத இதே பக்கத்தில் இடம் ஒதுக்குகிறேன்.