ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும் குழந்தை ஏன் வீங்கினாள்?

கேள்வி: என் தங்கையின் நான்கு மாதப் பெண் குழந்தைக்குப் போன மாதம் இதய ஓட்டையை மூட ஆபரேஷன் நடந்தது. மறுநாள் ஐ.சி.யூ.வில் பார்த்தால் முகமெல்லாம் ஊதி, இமை திறக்க முடியாமல் கிடந்தாள், காய்ச்சல் வேறு. ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. ஏறியிருக்கிறது, ஆனால் கிருமித் தொற்று இல்லை என்றார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று என்னதான் நடந்தது? ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் தவிர்த்திருக்கலாமா?

பதில்: அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். அதற்குப் பெயர் அழற்சி. இதயத்தை நிறுத்தித் தைக்கும் நேரத்தில் ரத்தத்தை ஹார்ட்-லங் மெஷின்தான் சுற்றவைக்கிறது. அந்த பிளாஸ்டிக் குழாய்களுக்குள் ஓடும்போது, ஏதோ அந்நியப் பொருள் புகுந்துவிட்டது என்று உடம்பின் காவல்படை மொத்தமாக எழுந்துகொள்கிறது. நிறுத்தியிருந்த இதயத்துக்கு மறுபடி ரத்தம் பாயும்போது இன்னொரு அலை. மயிரிழை போன்ற ரத்தக்குழாய்களின் சுவர் கசிய ஆரம்பிக்கும், உள்ளே இருக்கவேண்டிய நீர் வெளியே வந்து இமையிலும் கன்னத்திலும் தேங்கும்.

குழந்தை எவ்வளவு சின்னதோ அவ்வளவு அதிகம் இது. கிலோவுக்கு 80 மில்லி என்று வைத்தால் ஐந்து கிலோ குழந்தைக்கு மொத்த ரத்தமே 400 மில்லி, இரண்டு டம்ளர்தான். மெஷினின் குழாய்களை நிரப்பவே கிட்டத்தட்ட அந்த அளவு திரவம் தேவைப்படலாம். இதனால்தான் பச்சைக் குழந்தைகளுக்குக் குழாயின் நீளத்தைக் குறைக்கிறார்கள், கூடுதல் நீரை வடிகட்டி எடுக்கிறார்கள், அப்புறம் சிறுநீர் நன்றாகப் பிரிய மருந்து கொடுக்கிறார்கள். ஆபரேஷன் ஆன முதல் 6 முதல் 18 மணி நேரம் இதயமும் சோர்ந்திருக்கும், அதனால் நர்ஸ் மணிக்கு மணி சிறுநீரை அளந்து எழுதுவார், அந்தத் தாளைப் பார்த்தாலே குழந்தை எந்தப் பக்கம் போகிறாள் என்று எங்களுக்குப் புரிந்துவிடும்.

சி.ஆர்.பி. என்பது உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஒரு ரத்தப் புரதம். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அது எல்லோருக்கும் ஏறும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் இறங்கும். இறங்கியது மறுபடி ஏறினால்தான் தொற்றைத் தேடுவோம். உங்களுக்குச் சொன்னது சரிதான்.

சரி, ஸ்டீராய்டு. இந்த அழற்சியை அடக்கத்தான் பல வருடங்களாகப் பல இடங்களில் கொடுத்து வந்தார்கள். ஆனால் அமெரிக்காவில் ஒரு வயதுக்குட்பட்ட 1,200 குழந்தைகளை வைத்து நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் சமயத்தில் மெத்தில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்ததால் தெளிவான பலன் நிரூபணமாகவில்லை, ரத்தச் சர்க்கரை ஏறி இன்சுலின் போடவேண்டி வந்தவர்கள்தான் அதிகமானார்கள். அதனால் கொடுக்காமல் விட்டார்களே என்று உங்கள் தங்கை தயவுசெய்து மனதைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். சில வாரம் கழித்தும் இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி வந்து நீர் கோக்கலாம், அபூர்வம்தான். திரும்பக் காய்ச்சல், வேகவேகமாக மூச்சு வாங்குவது, பால் குடிக்க மறுப்பது, காரணமில்லாமல் ஓயாத அழுகை என்று எது தெரிந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், எக்கோ என்ற இதய ஸ்கேனில் தெரிந்துவிடும்.