'மீடியம் பிளேஸ்' உத்தரிக்கும் ஸ்தலமா?

இறந்தவர்கள் போய்ச்சேரும் நல்ல இடம், கெட்ட இடம் பற்றிய 'தி குட் பிளேஸ்' (2016–2020) என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பார்த்துவிட்டு, மறைக்கல்வி எடுக்கும் என்னிடம் பலர் கேட்டவை இவை. முடிவு வரை பேசுகிறேன், பார்க்காதவர்கள் உஷார்.

கேள்வி: தொடரில் வரும் 'மீடியம் பிளேஸ்'தானே, மோட்சம் போகுமுன் ஆத்துமா தூய்மையாகும் இடம் என்று கத்தோலிக்கரான நாம் சொல்லும் உத்தரிக்கும் ஸ்தலம்? இரண்டிலுமே 'இடம்' இருக்கிறதே!

பதில்: ஒற்றுமை பெயரோடு சரி. மீடியம் பிளேஸில் குடியிருப்பது மிண்டி செயின்ட் கிளேர் ஒருத்திதான். அவள் நல்லவளா கெட்டவளா என்று வழக்குத் தீராததால் நடுவில் உட்காரவைத்துவிட்டார்கள். பீர்கூட குளிர்ச்சியில்லாமல் வெதுவெதுப்பாகத்தான் கிடைக்கும். கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி எலனோர் வந்து பேசும்வரை அவள் அசைவதாயில்லை. உத்தரிக்கும் ஸ்தலமோ மோட்ச வீட்டின் திண்ணை மாதிரி. அங்கே வந்த ஆத்துமா உள்ளே போவது உறுதி. அங்கிருந்து நரகத்துக்கு வழியே கிடையாது.

கேள்வி: அப்போ மிண்டி வீட்டுக்கு நம்மிடம் எது ஒப்பு?

பதில்: லிம்போ. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளுக்கென்று இடைக்கால இறையியலாளர்கள் யோசித்தது. வேதனை இல்லை, கடவுளின் தரிசனமும் இல்லை. திருச்சபை அதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததில்லை. அந்தக் குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்ப இடமுண்டு என 2007-இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையமே சொல்லிவிட்டது.

கேள்வி: அங்கே வாழ்நாளில் செய்த ஒவ்வொன்றுக்கும் புள்ளிக் கணக்கு, இங்கே பாவக் கணக்கு. ஒன்றுதானே?

பதில்: இல்லை. நம்மிடம் கூட்டல் கழித்தல் கிடையாது. சாகும்போது கடவுளின் அருள்நிலையில் இருக்கிறோமா என்பதே கேள்வி. தொடரில், பாட்டிக்கு ரோஜாப்பூ வாங்கிக் கொடுத்தவனுக்கே புள்ளி குறைகிறது. 521 வருடமாக ஒருவரும் நல்ல இடம் சேரவில்லை!

கேள்வி: நாலாவது சீசனில், தேறும்வரை திரும்பத் திரும்பச் சோதனை வைக்கிறார்களே?

பதில்: அதுதான் கிட்டே வருகிறது. ஆனால் அங்கே தேறுவது அவரவர் முயற்சி. உத்தரிக்கும் ஆத்துமா தனக்கென்று புதிதாகப் புண்ணியம் சேர்க்க முடியாது. நாம்தான் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும். நவம்பர் 2 அன்று கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபிப்பது அதற்காகத்தான். தொடரில் செத்தவர்களுக்காகக் கீழே ஒருவரும் ஜெபிப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய குறை.

கேள்வி: சலித்துப்போனவர்கள் வெளியேற அங்கே ஒரு கதவு...

பதில்: மோட்சத்தில் அது கிடையாது. அந்த மோட்சத்தில் கடவுளே இல்லையே, சலிக்காமல் என்ன செய்யும்?

கேள்வி: உத்தரிக்கும் ஸ்தலத்தில் நெருப்பு உண்மையா?

பதில்: கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் கொடுத்த தீர்ப்பைப் படியுங்கள். அப்படி ஒன்று உண்டு, நம் வேண்டுதல் அவர்களுக்கு உதவும் என்கிறது. நெருப்பைப் பற்றிப் பேச்சே இல்லை.