ஊசி இல்லாத 911

கேள்வி: போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் காரை மறுபடியும் மாத்திட்டாங்க. பெட்ரோலோட பேட்டரியும் சேர்த்து ஹைபிரிட் ஆக்கி, சாவி மாதிரி திருகறதை எடுத்துட்டுப் பட்டன் வெச்சு, இன்ஜின் சுத்தற வேகத்தைக் காட்டற ஆர்பிஎம் ஊசியையும் தூக்கிட்டாங்க. படத்தைப் பார்த்ததுமே மனசு விட்டுப் போச்சுங்க. பேட்டரி வெச்சா அது 911-ங்களா? உங்களுக்கு என்ன தோணுச்சுங்க?
- வாசகர் ஒருவர், திருப்பூர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் பாதிக் கோபம் தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது.

முதலில் பேட்டரி. 2024-ல் வந்த 911 கரேரா ஜிடிஎஸ் காரைத்தான் சொல்கிறீர்கள். அதை வீட்டில் சார்ஜ் போட முடியாது, ப்ளக்கே கிடையாது. பேட்டரி வெறும் 1.9 கிலோவாட்-மணி. அதன் வேலை மைலேஜைக் கூட்டுவதல்ல. டர்போ என்பது புகையின் அழுத்தத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பது. சாதாரண டர்போ, அந்த அழுத்தம் ஏறும்வரை காத்திருக்கும். மிதித்த பிறகு ஒரு கணம் கார் யோசிக்கும். இங்கே டர்போவின் தண்டிலேயே ஒரு சின்ன மின் மோட்டார் உட்கார்ந்து, புகை வருவதற்கு முன்பே அதைச் சுழற்றிவிடுகிறது. அதனால் இரண்டு டர்போ இருந்த இடத்தில் ஒன்றே போதுமாகிவிட்டது. கியர்பாக்ஸுக்குள் இன்னொரு மோட்டார். 3.6 லிட்டர் இன்ஜினோடு சேர்த்து 541 குதிரைத்திறன். இவ்வளவுக்கும் எடை கூடியது சுமார் 50 கிலோதான். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில், 20.8 கிலோமீட்டர் சுற்றில் பழைய ஜிடிஎஸ்ஸைவிட 8.7 விநாடி வேகம். லேத் பட்டறையும் பம்ப் மோட்டாருமாக வளர்ந்த நம்ம கோவைப் பக்கத்துக்காரர் யாராவது இதைப் பிரித்துப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார். அது வேண்டாம் என்றால் அடிப்படை கரேராவில் இன்னும் வெறும் பெட்ரோல் இன்ஜின்தான்.

1997-ல் காற்றால் குளிர்ந்த இன்ஜினை விட்டுத் தண்ணீருக்கு மாறியபோதும் "911 செத்தது" என்றார்கள். ஹெட்லைட்டைக்கூடக் கேலி செய்தார்கள். அந்த மாற்றம் இல்லையென்றால் இன்றைக்கு நாம் பேசுவதற்கு 911 இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

ஆனால் ஊசி விஷயத்தில் நான் உங்கள் பக்கம். விற்பனைக்கு வந்த நாளிலிருந்து இந்தக் காரில் ஓட்டுநருக்கு நேர் எதிரே இருப்பது ஸ்பீடோமீட்டர் அல்ல, ஆர்பிஎம் மீட்டர்தான். அதுதான் பெரியது, அதுதான் நடுவில். எவ்வளவு வேகம் என்பது அடுத்த கேள்வி, இன்ஜின் என்ன செய்கிறது என்பதே முதல் கேள்வி என்று அந்தக் கார் சொல்லிக்கொண்டே இருந்தது. வளைவில் கண் ரோட்டை விட்டு நகராமலே ஊசி சாய்ந்திருக்கும் கோணம் ஓரப்பார்வையில் தெரிந்துவிடும். இப்போது 12.6 அங்குலத் திரை. பழைய ஐந்து மீட்டர் வட்டங்களையும் அதில் வரவழைக்கலாம். இருந்தாலும் அது ஊசியின் படம். கோவை அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழைய கார்களின் மீட்டர்களை ஒருமுறை பாருங்கள், நான் சொல்வது புரியும்.

நான் இன்னும் இதை ஓட்டவில்லை, நீங்களும் ஓட்டவில்லை. நரேன் கார்த்திகேயனை 2005-ல் ஃபார்முலா ஒன் வரை அனுப்பிய ஊர் கோவை. செட்டிபாளையத்தில் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்ற ரேஸ் டிராக்கே இருக்கிறது. இங்கே இருந்துகொண்டு ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் படம் பார்த்து முடிவு கட்டக் கூடாது. வளைவில் அது எப்படி நிற்கிறது, பிரேக் எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள், அப்புறம் திட்டலாம்.

இன்னொன்று. பட்டனுக்காக வருத்தப்பட்டீர்கள், சரி. அது ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் பழைய இடத்திலேயேதான் இருக்கிறது. ஆனால் இந்த ஜிடிஎஸ்ஸில் கிளட்ச் பெடலே இல்லையே, எட்டு கியர் ஆட்டோமேட்டிக் மட்டும்தானே! அதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. காலுக்கும் கைக்கும் வேலை வேண்டும் என்றால் கரேரா டி இருக்கிறது, ஆறு கியர் மேனுவல். ஊசி மட்டும் அதிலும் கிடையாது.