நைட் என்றால் இரவில்லை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பணிபுரிகிறேன். விடுமுறைக்கு முந்தைய வாசிப்பு முகாமில், ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இடைக்கால ஐரோப்பாவின் நைட்டுகளை (knight – கவசமணிந்து குதிரைமேல் போரிட்ட வீரர்களை) பற்றி நாற்பது நிமிடம் பேசும்படி தலைமையாசிரியர் கூறியிருக்கிறார். கைப்பேசி விளையாட்டில் பார்த்ததைத் தவிரப் பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?
– ஆசிரியை, பீடோங்

பதில்: அம்மா, சொல்லிலிருந்தே தொடங்குங்கள். நீங்கள் 'நைட்' என்றதும் பின்வரிசையில் ஒருவனாவது, "டீச்சர், அவர்கள் இரவில்தான் சண்டை போடுவார்களா?" என்று கேட்பான்; எனக்கு இரண்டு தோட்டங்களில் இது நடந்திருக்கிறது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் அந்த நைட்டைக் குதிரையேறுபவன் என்ற பொருளுள்ள சொல்லால் அழைத்தார்கள் என்பதையும், ஆங்கிலச் சொல்லுக்கோ ஆதியில் பையன், ஏவலாள் என்பனவே பொருள் என்பதையும் சொல்லிவிடுங்கள். தமிழில் நான் 'புரவிவீரர்' என்றே சொல்லி வருகிறேன்.

அடுத்தது எடை. முதன்முறை பேசச் சென்றபோது எழுபது படங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டு போனேன். பேசத் தொடங்கிய பத்தாம் நிமிடத்தில் மண்டபத்தில் மின்சாரம் நின்றுவிட்டது. வேறு வழியின்றி, அன்னதானத்துக்காகக் கோயில் சமையற்கட்டில் வைத்திருந்த பத்துக் கிலோ அரிசிப் பைகள் இரண்டைக் கொண்டுவரச் சொன்னேன். செம்பனைக் குலை அறுக்கும் ஒரு தந்தை முன்வந்தார். இரண்டு பைகளையும் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னபோது அரை நிமிடத்தில் கீழே வைத்துவிட்டார். அதே அரிசியைச் சிறு சிறு முடிச்சுகளாகப் பிரித்துத் தோளிலும் மார்பிலும் இடுப்பிலும் தொடையிலும் கட்டிவிட்டபோது, மண்டபத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, "இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார். 15ஆம் நூற்றாண்டின் முழுத் தகட்டுக் கவசம் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ எடை கொண்டது. அது உடலெங்கும் பகிர்ந்து நின்றதால்தான் அணிந்தவரால் ஓடவும், விழுந்தால் எழவும், குதிரையில் ஏறவும் முடிந்தது என்பதை அதன் பிறகு எந்தப் படமும் இல்லாமல் பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். (இந்தச் சோதனையைப் பெரியவர் ஒருவரைக் கொண்டே செய்யுங்கள், பிள்ளைகளுக்கு இரண்டு கிலோ போதும்.)

மூன்றாவதாக ஆயுதம். வாளைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். அது அவர்களுக்குச் சலித்துப்போன பொருள். நீளக் கழியில் அரிவாள் பொருத்திக் குலை அறுப்பதை நாள்தோறும் பார்க்கும் பிள்ளைகளிடம், இங்கிலாந்தின் காலாட்படை ஏந்திய 'பில்' என்ற ஆயுதம் வேலிச்செடி கழிக்கும் கொக்கி அரிவாளை நீண்ட கழியில் மாட்டியதிலிருந்து வந்தது என்று சொல்லிப் பாருங்கள். உழவன் கைக்கருவி குதிரைமேல் இருந்தவனைக் கீழே இழுத்துப் போட்டது என்ற செய்தி, நான் பேசிய எல்லா இடங்களிலும் வாளைவிட அதிகமான கேள்விகளைக் கொண்டுவந்தது.

நேரம் மிஞ்சினால் செலவைப் பேசுங்கள். போர்க்குதிரை, மாற்றுக் குதிரை, கவசம், பணியாள், தீனி என்று புரவிவீரருக்கு ஆன செலவு சாதாரணமானதன்று. 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஆண்டுக்கு 20 பவுண்டு வருமானம் தரும் நிலமுடையவர்கள் நைட் பட்டம் ஏற்றே ஆக வேண்டும் என்று அரசரே ஆணையிட நேர்ந்தது. தகுதியிருந்தும் பலர் செலவுக்கு அஞ்சி நழுவினார்கள்.

கேள்வி: கவசம் அணிந்தவரைப் பாரந்தூக்கியால் குதிரைமேல் ஏற்றினார்கள் என்று ஒருவர் மேடையில் பேசினார். உண்மையா?
– கல்லூரி மாணவர், சுங்கை பட்டாணி

பதில்: இல்லை, தம்பி. பிரெஞ்சுத் தளபதி பூசிக்கோவின் வரலாற்றை அவர் உயிரோடு இருந்தபோதே எழுதியவர், தலைக்கவசம் தவிர மற்றக் கவசம் முழுவதையும் அணிந்துகொண்டு அவர் குட்டிக்கரணம் போட்டதாகவும், சாய்த்து வைத்த ஏணியின் அடிப்பக்கத்தைக் கைகளால் மட்டுமே பற்றி ஏறியதாகவும் குறித்திருக்கிறார். புகழ்மொழியில் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், பாரந்தூக்கிக்கு அங்கே இடமில்லை. வாளைப் பற்றியும் இதே போன்ற கதை உண்டு. ஒரு கையால் வீசும் வாள் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோதான்.

கேள்வி: இராசேந்திர சோழன் வென்ற கடாரத்து (கெடா) மண்ணில் இருந்துகொண்டு, நம் பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரன் போரை எதற்காகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?
– ஒரு தந்தை, கோலகெட்டில்

பதில்: ஐயா, உங்கள் கேள்வியில் உள்ள ஆதங்கம் நியாயமானது, ஆனால் ஒன்றைச் சொன்னால் மற்றொன்று குறைந்துவிடாது. இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைச் சொல்லுங்கள், பிள்ளைகளை மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். நான் எதிர்ப்பது யார் பெரியவர் என்ற ஒப்பீட்டைத்தான். அந்தப் பேச்சு கைதட்டலோடு முடிந்துவிடும், யாரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள்.

இரண்டையும் ஒரே மேடையில் வைக்க முற்றுகை நல்ல இடம். ஐரோப்பாவின் இடைக்காலப் போர் பெரும்பாலும் திறந்த வெளியில் அன்று, கோட்டை மதிலைச் சுற்றியே நடந்தது. நம் இலக்கணத்திலும், மதிலை வளைப்பதை உழிஞை என்றும் காப்பதை நொச்சி என்றும் புறப்பொருள் வெண்பாமாலை தனித்தனித் திணைகளாக வைக்கிறது. 1215ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஜான் மன்னர் ரோச்செஸ்டர் கோட்டையை முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்தவர்கள் உணவில்லாமல் தங்கள் குதிரைகளையே தின்றார்கள். வெளியே மன்னரின் ஆட்கள் கோபுரத்தின் மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மரக்கால்களால் தாங்கி நிறுத்தி, நாற்பது கொழுத்த பன்றிகளின் கொழுப்பைக் கொண்டு அந்தக் கால்களை எரித்தார்கள், மூலை சரிந்தது. (மண்டபத்தில் மலாய் ஆசிரியர்களும் அமர்ந்திருந்தால் 'கொழுப்பு' என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடலாம், கதைக்கு ஒரு குறையும் வராது.) இதற்குப் பக்கத்தில் புறநானூற்றின் 44ஆம் பாட்டை வையுங்கள். சோழன் நலங்கிள்ளி வளைத்துக்கொண்ட ஆவூர்க் கோட்டைக்குள் யானைகள் தீனியின்றி நிற்கின்றன, பாலில்லாமல் குழந்தைகள் அலறுகின்றன, பெண்கள் பூவில்லாத கூந்தலை முடிகிறார்கள்; புலவர் கோவூர் கிழாரோ, உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும் நெடுங்கிள்ளியிடம், அறவழி உனது வழியானால் கோட்டையை நலங்கிள்ளியுடையதென்று சொல்லித் திற, மறவழியானால் போரிடத் திற, இரண்டுமின்றி ஒளிந்திருப்பது நாணத்தக்கது என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். சுவருக்குள் பசித்துக் கிடந்தவர்களைப் பற்றி நாம் பேசினால் வெள்ளைக்காரன் போர், நம் போர் என்ற பிரிவு பிள்ளைகளுக்குத் தோன்றுவதில்லை என்பது என் அனுபவம்.

கேள்வி: ஐயா, பேச்சுப் போட்டிக்கு அஜின்கோர்ட் போரை எடுத்துள்ளேன். ஐந்து நிமிடம்தான். அரசர்கள் பெயர்களை மனனம் செய்து முடிக்கவே நாக்கு வறண்டுவிடுகிறது.
– இரண்டாம் படிவ மாணவன், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, பெயர்களை விடு, சேற்றை எடு. 1415ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் தேதி, இரவெல்லாம் மழை பெய்து ஊறிய, புதிதாக உழுத வயலில், இருபுறமும் காடு நெருக்கிக்கொண்டிருக்க, பிரெஞ்சு வீரர்கள் கனத்த கவசத்தோடு நடந்து வந்தார்கள். முன்னால் சென்ற குதிரைகள் மண்ணை மேலும் குழப்பிவிட்டன; பின்வரிசை தள்ள, முன்வரிசை விழுந்தவர்கள் மீதே விழ, பக்கங்களிலிருந்து ஆங்கில வில்லாளிகளின் அம்புகள் வந்துகொண்டிருந்தன. மேலே நான் சொன்ன குட்டிக்கரண வீரர் பூசிக்கோவும் அன்று சிறைப்பட்டு, 1421இல் இங்கிலாந்தில் கைதியாகவே இறந்தார். படையின் எண்ணிக்கையைச் சொல்லாதே. ஆய்வாளர்களுக்குள்ளேயே அதில் ஒத்த கருத்தில்லை, நடுவர் ஒருவர் வேறொரு கணக்கைப் படித்திருக்கக்கூடும். மழை நாளில் தோட்டத்துச் செம்மண் பாதையில் உன் காலணி சிக்கிக்கொண்ட கதையை முதல் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு வயலுக்குள் இறங்கு. வென்ற ஆங்கில மன்னர் ஐந்தாம் ஹென்றியின் பெயர் நான்காவது நிமிடத்தில் வந்தால் போதும்.