டெனோசுமாப் ஊசி போட்டால் என்ன பக்கவிளைவு வரும்?

உப்புவெளியில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு எலும்பு மெலிவுக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் 60 மில்லிகிராம் டெனோசுமாப் எழுதியிருக்கிறார்கள், போடலாமா என்று கேட்கிறீர்கள்.

என் பெரியம்மாவுக்கும் இதுதான். முதல் ஊசிக்குப் பிறகு நாலைந்து நாள் முதுகும் கைகாலும் உளைந்தது, பனடோலோடு போய்விட்டது. பலருக்கு அவ்வளவுதான்.

உண்மையில் கவனிக்க வேண்டியது கல்சியம். இந்த மருந்து எலும்பைக் கரைக்கும் கலங்களை அடக்கிவிடுவதால் எலும்பிலிருந்து இரத்தத்துக்கு வரும் கல்சியமும் குறைகிறது, ஆகவே உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ விறுவிறுத்தால், கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் உடனே டொக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இது ஆபத்தாகவே போகலாம். டயாலிசிஸ் செய்பவர்களுக்காக 2024இல் அமெரிக்காவில் கடும் எச்சரிக்கையே சேர்த்தார்கள். ஊசிக்கு முன் கல்சியம், விற்றமின் டி, சிறுநீரகம் மூன்றையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் பல். பிடுங்க வேண்டிய சொத்தைப் பல் இருந்தால் முதலில் அதை முடியுங்கள், அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் அழுகும். தொடையிலோ கவட்டிலோ காரணமில்லாமல் வலித்தாலும் சொல்லுங்கள்.

ஆனால் எனக்குப் பெரிய பயம் பக்கவிளைவு இல்லை, நிறுத்துவதுதான். 'இப்ப சுகம்தானே' என்று அடுத்த ஊசியைத் தள்ளிப் போட்டால் எலும்பு வேகமாகக் கரைந்து முள்ளந்தண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவு வரலாம். நிறுத்துவதென்றால் வேறு மருந்துக்கு மாற்றித்தான் நிறுத்துவார்கள். பெரியம்மா வீட்டுக் கலண்டரில் அடுத்த திகதியைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம்.