மாசிப்பத்திரி: கேட்டவையும் சொன்னவையும்

மாசிப்பத்திரியைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதிவிட்டேன். பல வருடங்களாக இதை வளர்த்து, காயவைத்து, புகைபோட்டுப் பழகியவள் நான். ஆனால் மருத்துவர் இல்லை.

அக்கா, மாசிப்பத்திரியும் மருக்கொழுந்தும் ஒன்றுதானே?

இல்லை, பங்காளிகள். இரண்டுமே ஆர்ட்டிமீசியா பேரினம். நான் இங்கே பேசுவது ஆர்ட்டிமீசியா வல்காரிஸ். அதன் நெருங்கிய உறவுச் செடிகள் சிலவற்றையும் இதே பெயரில் அழைப்பதுண்டு, அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

செடியைப் பார்த்ததும் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே கரும்பச்சை, அடியில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை. தண்டில் செந்நிறம் ஓடும். கசக்கினால் கற்பூரம் கலந்த கசப்பு வாசனை. பார்த்தீனியம் இலையும் வெட்டுவெட்டாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கு இந்த வெள்ளை அடிப்பக்கமோ வாசனையோ கிடையாது. சந்தேகம் இருந்தால் பறிக்காதீர்கள். ஜப்பானில் இந்த இனத்து இலை என்று நினைத்து நாபிச் செடியின் இளங்கொழுந்தைப் பறித்துச் சாப்பிட்டு விஷம் ஏறியவர்கள் உண்டு.

மாக்சா என்று தோலில் சூடு வைத்து வைத்தியம் செய்கிறார்களே, அது இந்தச் செடியா?

இதன் சீன, ஜப்பானிய உறவுகள். காய்ந்த இலையை இடித்துச் சலித்தால் பச்சைத்தூள் உதிர்ந்துபோகும், அடிப்பக்கத்து மயிரிழைகள் மட்டும் வெளிர்மஞ்சள் பஞ்சாகத் தங்கும். அதற்கு ஜப்பானிய மொழியில் மொகுசா என்று பெயர். அதுதான் மாக்சா ஆனது. ஒருமுறை அம்மியில் இடித்துப் பார்த்தேன். ஒரு கூடை இலைக்கு ஓர் உருண்டைப் பஞ்சுதான் மிஞ்சியது. ஆனால் பற்றவைத்தால் சுடர் எழாமல் ஊதுபத்தி மாதிரி மெதுவாகக் கனன்றது. இந்த வேலைக்கு இதைத் தேர்ந்தெடுத்த காரணம் அப்போது புரிந்தது.

பஞ்சைச் சிறு கூம்பாக உருட்டித் தோலின் மேல் வைத்துப் பற்றவைப்பார்கள், அல்லது சுருட்டுபோல உருட்டி உடம்புக்குச் சற்றுத் தள்ளிப் பிடிப்பார்கள். இலை பழசானால்தான் மதிப்பு. ஏழு வருட நோய்க்கு மூன்று வருடம் பழகிய மாசிப்பத்திரியைத் தேடுவதைப் பற்றிச் சீன அறிஞர் மென்சியஸ் அந்தக் காலத்திலேயே பேசியிருக்கிறார். முன்கூட்டியே சேர்த்து வைக்காதவனுக்கு அது கிடைக்காது என்பது அவர் வாதம். 17ஆம் நூற்றாண்டில் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்த ஹெர்மன் புஷோஃப் என்ற டச்சுப் பாதிரியார் தன் கீல்வாதத்துக்கு இதைச் செய்துகொண்டு புத்தகமே எழுதினார். ஐரோப்பா மாக்சாவை அறிந்தது பெரிதும் அப்படித்தான். வீட்டில் தனியாக முயலாதீர்கள், தோல் வெந்துவிடும்.

ஐரோப்பாவில் எதற்குப் பயன்படுத்தினார்கள்?

பெரும்பாலும் கட்டவும் தொங்கவிடவும் எரிக்கவும்தான். ஜூன் 24, புனித யோவான் நாளுக்கு முந்தைய இரவில் இதை இடுப்பில் கட்டிக்கொண்டு, பிறகு தீயில் போடுவார்கள். அந்த வருடத்துப் பீடையும் அதோடு போய்விடும் என்பது நம்பிக்கை. வழிப்போக்கன் இதைக் கையோடு வைத்திருந்தால் களைக்க மாட்டான் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார். செருப்புக்குள் இலை வைக்கும் பழக்கமும் இருந்தது. நானும் வைத்து நடந்து பார்த்தேன்: கால் மணத்தது, களைப்பு அப்படியே இருந்தது! ஹாப்ஸ் என்ற கசப்புக் கொடி பரவுவதற்கு முன் பீருக்குக் கசப்பேற்றவும் இது உதவியது.

தினமும் டீ போட்டுக் குடிக்கலாமா? எனக்கு மாதவிடாய் தள்ளிப்போகிறது.

தள்ளிப்போகும் மாதவிடாயை வரவைக்க இதைக் கொடுத்தது உண்மைதான். பயப்படவேண்டிய காரணமும் அதுவே. கருப்பையைத் தூண்டும் என்பதால் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. தள்ளிப்போவதே கர்ப்பத்தால் இருக்கலாம் இல்லையா? முதலில் அதைப் பரிசோதியுங்கள், பிறகு மருத்துவரிடம் போங்கள். தாய்ப்பால் கொடுப்பவர்களும் வேண்டாம். துஜோன் என்ற பொருள் இதில் இருக்கிறது, அளவு மீறினால் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். தினசரி டீயாக நான் யாருக்கும் சொல்வதில்லை.

தலையணையில் வைத்தால் கனவு வருமாமே?

வரும் என்கிறார்கள். எனக்குத் தும்மல்தான் வந்தது. சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, இதன் மகரந்தம் ஒவ்வாமைக்குப் பேர்போனது. இது ஒத்துக்கொள்ளாத சிலருக்கு செலரி, கேரட், கொத்தமல்லி விதை, சோம்பு சாப்பிட்டாலும் வாய் அரிக்கும்.

மலேரியா மருந்து இதிலிருந்துதான் எடுத்தார்களா?

இல்லை. அது இன்னொரு பங்காளி, ஆர்ட்டிமீசியா அன்னுவா. அதிலிருந்து ஆர்ட்டிமிசினினைக் கண்டுபிடித்ததற்காகத்தான் சீன விஞ்ஞானி தூ யூயூவுக்கு 2015இல் நோபல் கிடைத்தது. மாசிப்பத்திரிக் கஷாயத்தை நம்பி மலேரியாவோடு உட்கார்ந்திருக்காதீர்கள்.

எப்போது பறிப்பது, எப்படிக் காயவைப்பது?

மொட்டு விரிவதற்கு முன் நுனியோடு வெட்டி, சிறு கட்டுகளாக நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். கை வைத்தால் நொறுங்கவேண்டும். முதல் வருடம் அவசரப்பட்டு அரைகுறை ஈரத்தோடு டப்பாவில் அடைத்தேன், பத்தே நாளில் பூஞ்சை. அப்புறம் ஒன்று, தொட்டியிலேயே வையுங்கள். தரையில் வைத்தால் வேர்த்தண்டு மண்ணுக்குள்ளேயே ஓடி, எதிர்பார்க்காத இடத்தில் தலைநீட்டும். நான் இன்னும் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.